யாரும் யோசிக்காத சொல்

நேற்று மில்லர்புரத்து வங்கியில் ஒரு தம்பி எனக்குக் கடவுச்சொல் வைக்கச் சொல்லிக் கொடுத்தான். ஓய்வூதியக் கணக்கை இனிமேல் போனிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். "ஞாபகம் இருக்கிற மாதிரி ஏதாவது போடுங்கம்மா. வீட்டுப் பேரு, மக பேரு, பிறந்த வருசம், இப்படி" என்றான். "அது மூணும் எங்க தெரு பால்காரருக்கே தெரியும் தம்பி" என்றேன். அதற்குள் போன் தானாகவே ஒரு சொல்லைக் காட்டியது. எழுத்தும் எண்ணும் புள்ளியும் கலந்த கூளம், தலையும் இல்லை வாலும் இல்லை. "அதைத் தள்ளிருங்கம்மா, வாயிலயே நுழையாது" என்றான். வாயில் நுழையாததுதான் எனக்கு வேண்டும் என்று அதையே வைத்துக்கொண்டேன். ஆட்டோவில் ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். ஏறியபிறகு அழுகை வந்துவிட்டது. நீ போய் ஒரு மாதம்தான் ஆகிறது.

அதனால் இதை உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. படித்திருந்தால் இதற்குள், "என்னளா நெட்டச்சி, விசயத்துக்கு வா" என்று சொல்லியிருப்பாய். வருகிறேன், பொறு.

எழுபதுகளின் நடுவில், பீச் ரோட்டுக் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பெண்கள் என்று நாம் இரண்டு பேர்தான். நான் நாசரேத்து வாத்தியார் மகள், தட்டச்சுக்காரி. நீ கடற்கரைத் தெருப் பெண். உன் அப்பாவும் அண்ணனும் தோணியில் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர்கள். வருகிற தந்திகளைப் பிரித்து, சரிபார்த்து, குடோனுக்கு உத்தரவு எழுதுவது உன் வேலை. புதுத் துறைமுகம் திறந்து பெரிய கப்பல்கள் அங்கே போய்விட்டன. தோணிகள் மட்டும் பழைய துறையிலேயே கட்டிக் கிடந்தன. நம் மாடி ஜன்னலைத் திறந்தால் பாய்மரக் கம்பங்களும் கருவாட்டு வாடையும்தான் உள்ளே வரும்.

குடோனில் இருக்கும் சரக்கை வெளியே விட வேண்டுமென்றால் மெட்ராஸ் தலைமை ஆபீசிலிருந்து தந்தி வர வேண்டும். அந்தத் தந்தியின் கடைசியில் ஒரு ரகசியச் சொல் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் தந்தி நிஜம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நம் மேனேஜர் ஒரு புதுச் சொல்லை யோசித்து, எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்து மெட்ராசுக்கு அனுப்புவார். வியாழக்கிழமை முதல் அந்தச் சொல் நடப்புக்கு வரும். தந்தியைச் சரிபார்ப்பதற்காக உனக்கும் அதை அன்று காலையில் சொல்வார். ஆக, சொல் தெரிந்தவர்கள் மூன்று பேர். மேனேஜர், மெட்ராசில் ஒருவர், நீ.

ஒரு வியாழக்கிழமை மெட்ராசிலிருந்து தந்தி வந்தது. குடோனில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்களை, வருகிற லாரியில் ஏற்றி விடவும். கடைசியில் சரியான சொல். நீ சரிபார்த்தாய், உத்தரவு எழுதினாய், லாரி வந்தது, போனது. மறுநாள் மெட்ராசிலிருந்து போனில் கத்தினார்கள். அப்படி ஒரு தந்தியை அவர்கள் அனுப்பவே இல்லை. யாரோ அங்கே ஒரு தந்தி ஆபீசுக்குள் நுழைந்து, நம் சொல்லைப் போட்டு, சாதாரணமாக அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

சொல் தெரிந்த மூன்று பேரில் இரண்டு பேர் பெரிய மனிதர்கள். அப்புறம் யார் மிச்சம்? போலீஸ் வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று. மேனேஜர் உன்னை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார். குமாஸ்தாக்கள், சுமை தூக்குகிறவர்கள், டீ கொண்டு வந்த அண்ணாச்சி, எல்லோரும் நின்றார்கள். "உங்க அண்ணன் தோணிக்காரன்தானம்மா? நாலு பேரோட பழகுத வீடு. தெரியாம வாய்விட்டுட்டேன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டுரு. போலீஸ் கேசு வேண்டாம். உன் பேரு கெடாம நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பேர் கெடாமல் பார்த்துக்கொள்கிறாராம். அந்த நிமிடத்தில்தான் அவரே அதைக் கெடுத்தார்.

நீ அழுவாய் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அழுதிருப்பேன். நீ சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "செய்யாததுக்கு எழுத மாட்டேன் சார்" என்றாய். அவ்வளவுதான். அவர் மறுபடி தணிந்த குரலில் ஏதோ சொன்னார். "எழுத மாட்டேன் சார்." மூன்றாம் தடவை அதட்டினார். "நீங்க எத்தன மாதிரி கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தாய். மெட்ராசிலிருந்து பெரியவர் ஒருவர் திங்கட்கிழமை விசாரிக்க வருவதாகவும், அதுவரைதான் உனக்குத் தவணை என்றும் மேனேஜர் சொன்னார்.

வேலை எதுவும் உனக்குத் தரவில்லை. நீயோ சரியான நேரத்துக்கு வந்தாய், மேசையைத் துடைத்தாய், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நம்ம பக்கத்துப் பிள்ள. வாத்தியார் வீட்டுப் பிள்ள. அவ யாருகிட்டயாவது பேசுனதப் பாத்திருப்பியே?" என்று கேட்டார். சாத்தான்குளத்துக்காரர் அவர். நான் பார்த்தது ஒன்றுமில்லை என்றேன். "யோசிச்சுச் சொல்லு" என்றார். யோசித்தாலும் பார்க்காதது பார்த்ததாகிவிடாது சார் என்றேன். உன் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததில் எனக்கும் கொஞ்சம் வாய் வந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, நீ உன் தூக்குச்சட்டியைத் திறக்காமலே பழைய தந்திகளை எடுத்து வந்தாய். அவற்றை ரகசியமாக யாரும் வைத்திருக்கவில்லை. போன வாரத்துச் சொல் செத்த சொல் என்று ஒரு கம்பியில் குத்தி வாசல் பக்கம் தொங்கவிட்டிருந்தார்கள். லாரிக்காரர், கூலிக்காரர், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

"இதப் பாரு. சந்தியாகு. இராயப்பர். லூர்துராணி. எல்லாம் தோணிப் பேருதான்" என்றாய்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். கரையில எத்தன தோணி கெடக்கு, எவன் கண்டுபிடிப்பான்னு இருந்துட்டேன். ஆனா ஏளா, ஒங்க ஆளுக சந்தியாகுன்னு சொல்லுவீகளா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டன்ட் சபை. சந்தியாகுவை எங்கள் வீடுகளில் யாக்கோபு என்போம். இராயப்பர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, பேதுரு என்போம். எங்கள் சபைக்காரரான மேனேஜர் வாயில் தானாக வருகிற பெயர்கள் இல்லை அவை. "அப்ப இது அவரு தலைக்குள்ளருந்து வரல" என்றாய். பிறகு தந்திகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, உதடு அசைய எதையோ சேர்த்துப் பார்த்தாய். இந்தத் தோணி கொழும்பிலிருந்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு அண்ணன் கருவாடு கொண்டு வந்தான். அந்தத் தோணி வந்த அன்று உங்கள் தெருவில் கல்யாணம். தோணிகளின் வரவு போக்கு உங்கள் வீட்டில் பேசிப் பேசி உனக்குள் ஊறிப்போனது. சொல் எழுதிய ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பெயர்கொண்ட தோணி கரையில் கட்டியிருந்திருக்கிறது.

"திங்கக்கெழம காலைல வந்ததும் அவரு என்னளா செய்வாரு? நீதான ஜன்னல் பக்கத்துல இருக்க?"

"ஜன்னலத் தொறக்கச் சொல்லுவாரு. டீய வச்சுக்கிட்டு நிப்பாரு. அப்புறம் உள்ள போயி எழுதுவாரு."

நீ எழுந்தே விட்டாய். "எங்கன நிப்பாரு? நீ அவரு ஒசரம். போயி நில்லு."

போய் நின்றேன். நீ என் தலையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினாய், முடி வெட்டுகிறவர் திருப்புகிற மாதிரி. சுங்கக் கொட்டகை பாதிக் கரையை மறைத்துக்கொண்டிருந்தது. மீதியில் கயிறுகளும் மூட்டைகளும். ஒரே ஒரு தோணியின் முகப்புதான் முழுசாகத் தெரிந்தது, எழுதியிருந்த பெயரோடு. அந்த இடத்தில் எந்தத் தோணி கட்டியிருக்கிறதோ, அதன் பெயர்தான் டீ குடிக்கிற மனிதரின் கண்ணில் படும்.

"யோசிக்காராம்" என்று நீ சொன்னாய். அப்படி ஒரு கோபத்தை உன் முகத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "இந்தாளு டீ குடிக்கதுக்கு நான் எழுதிக் குடுக்கணுமாம்."

நேராகப் பெரியவரிடம் இதைச் சொல்லிவிடலாம் என்றேன் நான். நீ தலையாட்டவில்லை. சொன்னால் மேனேஜர் இல்லையென்பார், நம் வார்த்தையா அவர் வார்த்தையா என்று ஆகும், அவர் வார்த்தைதான் நிற்கும். "சொல்லிக் காட்டுனா பத்தாது, செஞ்சு காட்டணும்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் அண்ணனைப் பிடித்து உலுக்கி, பெயர் அழிந்துபோயிருந்த உங்கள் தோணிக்குப் புதிதாகச் சாயம் அடிக்கவைத்து, செத்துப்போன உன் அம்மாவின் பெயரை அதன் முகப்பில் பெரிதாக எழுதவைத்தாய். பெர்ப்பெத்து. சாயங்காலம் அந்தத் தோணியை ஜன்னலுக்கு நேரே கட்டவைத்தாய். எனக்கு இதெல்லாம் மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தபோதுதான் தெரியும். கொக்கியை மாட்டிவிட்டு என் மேசைக்கு ஓடினேன்.

மேனேஜர் வந்தார். டீ வந்தது. நின்றார். நான் தட்டச்சு இயந்திரத்தில் வெறும் கோடுகளாக அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனார். உறையை அரக்கு வைத்து மூடிக்கொண்டு வந்து, அதற்குள் வந்து உட்கார்ந்திருந்த மெட்ராஸ் பெரியவர் முன்னால் வைத்து, "இந்த வாரத்துச் சொல்லு சார். இப்பதான் யோசிச்சு எழுதுனேன். எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்" என்றார்.

நீ எழுந்து போனாய். "எனக்கும் தெரியும் சார். தப்பாச் சொன்னா, நீங்க கேட்ட கடுதாசிய இப்பவே எழுதித் தாரேன். எங்க அம்மா பேருதான் அது. பெர்ப்பெத்து."

பெரியவர் உறையைக் கிழித்தார். உள்ளே இருந்ததை, "பெர்ப்பெத்து" என்று வாய்விட்டு வாசித்தார். மேனேஜரின் முகத்தை நான் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர்தான் முதலில் கத்தினார். "பாத்தீங்களா சார்! இவளுக்கு வழி தெரிஞ்சிருக்கு! அப்ப இவதான்!"

"செஞ்சவளா இருந்தா ஒங்க முன்னால நின்னு செஞ்சு காட்டுவேனா? இது தெரியதுக்கு ஆபீசுக்குள்ள வேல பாக்க வேண்டாம் சார். வாசல்ல தொங்குத பழைய தந்தியப் புரட்டிட்டு, கரையில நின்னு ஒங்க ஜன்னலப் பாத்தாப் போதும். நீங்க யோசிச்சீக. யோசிக்கதுக்கு முன்னால என்ன பாத்தீகன்னு ஒங்களுக்கே தெரியல. நேத்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பேரு அங்கன கெடையாது. நான் வச்சேன், நீங்க எடுத்தீக."

பெரியவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். சாயம் காயாத அந்தப் பெயரை நெடுநேரம் பார்த்தார். திரும்பி உன்னிடம், "இனிமே இந்தச் சொல்லை யார் யோசிக்கணும்கறே?" என்று மெட்ராஸ் பேச்சில் கேட்டார்.

"யாரும் யோசிக்கக் கூடாது சார்" என்றாய்.

அதற்குப் பிறகுதான் பொத்தான் டின் வந்தது. நான் சிப்பிகளில் எழுத்தை எழுதிப்போட்டுக் குலுக்கலாம் என்றேன், கரையில் காசில்லாமல் கிடைக்கிறதே என்று. "சிப்பி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. நாளாவட்டத்துல வெரலு கண்டுக்கிடும்" என்று நீ ஒதுக்கிவிட்டாய். தையற்காரரிடம் ஒரே அளவுச் சட்டைப் பொத்தான்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்தை எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டோம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், எழுத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். வெளியே வைத்துவிட்டால் அடுத்து எது வராது என்பது தெரிந்துபோகும் என்றாய். மேனேஜருக்கு அது பிடிக்கவே இல்லை. ஒரு வாரம் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தது. "இது நல்லால்ல, வேற எடு" என்றார். "வந்தது வந்ததுதான் சார். நல்லால்லன்னு திருப்பிப் போட்டா, மறுபடியும் ஒங்க யோசன உள்ள வந்துரும்" என்றாய். தந்தி ஆபீஸ்காரர் நம் சொற்களைப் பார்த்து, "இது எந்த ஊர் பாஷைம்மா?" என்று கேட்பார். யாருக்கும் தெரியாத ஊர் அண்ணாச்சி என்பாய் நீ.

செம்பு திரும்பி வரவில்லை. லாரியும் கிடைக்கவில்லை. உன் வேலை மட்டும் நின்றது. மேனேஜர் அறைக்குள் உன்னைக் கூப்பிட்டு, "ஒம்மேல தப்பில்ல, மறந்துரும்மா" என்றாராம். "உள்ள சொல்லாதீங்க சார். அன்னைக்கி எங்கன வச்சு, யாரு யாரு முன்னால சொன்னீகளோ, அங்கன வந்து சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாய். அவர் சொல்லவில்லை. நீ கேட்பதை நிறுத்தவில்லை. அவர் மாற்றலாகிப் போன நாளில், மாலை போட்டு எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோதும் போய்க் கேட்டாய். மாலையோடு நின்ற மனிதர் காது கேட்காத மாதிரி காரில் ஏறினார்.

நான் பிற்பாடு மெட்ராசுக்குப் போய்க் கணினி வேலை கற்றுக்கொண்டது உனக்கு வேடிக்கையாக இருந்தது. "மெசினுக்கு யோசிக்கத் தெரியாதே, அப்ப அது நல்லாச் சொல்லு எடுக்குமே" என்று கேட்டாய். எடுக்காது என்று சொன்னபோது நீ நம்பவில்லை. அது ஒரு எண்ணில் தொடங்கி, பெருக்கிக் கூட்டி வகுத்து அடுத்த எண்ணைத் தரும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கலைந்து கிடக்கும். ஆனால் தொடங்கிய எண் தெரிந்தால் மொத்த வரிசையும் தெரிந்துவிடும். எங்கள் ஆபீசில் ஒரு பையன் அந்த வரிசையை வைத்தே வாடிக்கையாளர்களுக்குக் கடவுச்சொல் தயாரிக்கும் புரோகிராம் எழுதினான். தொடக்க எண்ணாகக் கடிகார நேரத்தை வைத்தான். ஆபீஸ் திறந்ததும் புரோகிராம் ஓடும். எப்போது திறக்கும் என்று வாசலில் கடலை விற்கிறவருக்குக்கூடத் தெரியும். அந்த நேரத்தை ஒட்டிய நொடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எல்லாக் கடவுச்சொல்லும் கைக்கு வந்துவிடும். அதிகாரி என்னிடம், "யார் மெனக்கெட்டுப் பார்க்கப் போறாங்க? சரின்னு கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றேன். என் பதவி உயர்வு இரண்டு தரம் தள்ளிப்போனது. போகட்டும். புரோகிராம் வெளியே போகவில்லை.

இப்போது இயந்திரங்கள் தேறிவிட்டன. விசை தட்டுகிற இடைவெளி, உள்ளே ஓடுகிற சில்லறைச் சலனங்கள், மின்சார இரைச்சல் என்று யாரும் திட்டமிடாததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, அதிலிருந்து எண்ணை எடுத்துத் தருகின்றன. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அதற்கென்றே தனி வழி வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு விளையாட்டுக்கு எழுதிய பழைய வழியிலேயே கடவுச்சொல் எடுக்கிற பிள்ளைகளை இன்றைக்கும் பார்க்கிறேன். பார்த்தால் விடுவதில்லை. இதை உனக்குச் சொன்னபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். "விடாத" என்றாய்.

இனி உன் அடக்கத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, உன் வீட்டு முன்னால் பந்தலில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர் ஒருவர் கைத்தடியோடு வந்திருந்தார். பக்கத்திலிருந்த உன் சம்பந்தியிடம், "நல்ல பொம்பள. அந்தச் செம்பு விசயத்துலதான் கொஞ்சம் பேரு கெட்டுப்போச்சு. என்ன நடந்துச்சோ" என்றார். இத்தனை வருடம் கழித்து, உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்த கையோடு.

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தந்தியில் தொடங்கி உறையைக் கிழித்ததுவரை சொன்னேன். உன் அண்ணன் மகன், நாற்காலி போட வந்தவர்கள், குருசு தூக்கி வந்த பையன், எல்லோரும் நின்று கேட்டார்கள். குமாஸ்தா, "விடுங்கம்மா, பழைய கதை. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே" என்றார்.

"விட மாட்டேன் அண்ணாச்சி. அன்னைக்கி நீங்களும் அங்கன நின்னீங்க. இப்ப எந்திரிச்சு நின்னு, அது அவ இல்லன்னு சொல்லுங்க. இத்தன பேரு முன்னால."

உன் மருமகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நான் உட்காரவில்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டு வலிக்கிறது, ஆனாலும் நின்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் தடியை ஊன்றி எழுந்தார்.

"அது அவ இல்ல" என்றார்.

"பின்னால இருக்கவுகளுக்குக் கேக்கல" என்றேன்.

இன்னொரு தரம் சொன்னார், பலமாக. ஏளா, உனக்காக இன்னும் எத்தனை பேரை எழுப்பி நிறுத்த வேண்டுமோ, அத்தனை பேரையும் நிறுத்துவேன். எனக்கு இன்னும் குரல் இருக்கிறது.